சுருட்டையை ஜெயிக்க வைத்தவள்

எங்கள் காம்பவுண்டைத் தவிர தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் சுருட்டை ஜெயிக்கவில்லை. இந்த உண்மை எனக்கு முழுசாகத் தெரிய வந்தபோது நான் படித்து முடித்து வேலைக்குப் போயிருந்தேன், சம்பளத்தில் பி.எஃப். எல்லாம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சிரிக்க வேண்டாம், ப்ளீஸ்.

சுருட்டை என்பது நாங்கள் வைத்த பேர். டிவியில் சின்னப் பசங்களுக்கான பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்த காலம். அதில் தலை முழுக்க ஸ்பிரிங் ஸ்பிரிங்காக முடி வைத்த ஒரு பையன் வருவான். உச்சஸ்தாயிக்குப் போகும்போது இடது கண்ணை மட்டும் மூடுவான். அந்த ஒரு கண்ணுக்காக நாலாவது படித்துக்கொண்டிருந்த நான் உயிரை விடத் தயாராக இருந்தேன். பேப்பரில் வந்த அவன் படத்தைச் சோறு வைத்து என் பென்சில் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டியிருந்தேன். எறும்பு வந்து அவன் காதைத் தின்றது. அப்போதும் அழகாகத்தான் இருந்தான்.

ஃபைனல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நேரடி ஒளிபரப்பு. அன்றைக்குப் பார்த்து வேப்பம்பட்டு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் முழுக்க இருட்டு. காம்பவுண்டில் இருந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளும் அழுதுகொண்டே படுத்தோம். எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை மாடி அக்கா. அன்றைக்கு ஓவர்டைம் என்று அவள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் செகண்ட் ஷிப்டில் இருந்தாள், அதற்குப் பதிலாக மறுநாள் லீவு. கம்பெனி கேன்டீனில் டிவி உண்டு. அங்கே கரண்ட்டும் போகாது.

மறுநாள் காலையில் பல் விளக்கும் பிரஷ்ஷோடு மாடிப்படியில் ஏறி நின்றோம். அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அக்கா, இன்னா ஆச்சு?”

“இன்னா ஆவும்? நம்மாளுதான்.”

நாங்கள் போட்ட சத்தத்தில் கீழே முதல் வீட்டு ஆன்ட்டி பாலைப் பொங்க விட்டாள். அக்கா எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். “மழன்னா மழ, அப்டி ஊத்துது. எல்லாம் கொட புடிச்சிக்கினு நிக்கிறாங்க. இவன் மட்டும் நனைஞ்சிக்கினே பாடறான். ஜட்ஜம்மா கீழ எறங்கி வந்து, பொடவத் தலப்பால தலைய தொடச்சி உடறாங்க. அவங்க கண்ணுலயும் தண்ணி.”

மாடி அக்கா சொல்லும் எதிலும் மழை பெய்யும். அது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

அன்றைக்கு ஸ்கூலில் எனக்கும் என் பெஞ்சுக்காரிக்கும் அடிதடி. திண்டுக்கல்லோ தேனியோ, அந்தப் பக்கத்துப் பெண்தான் ஜெயித்தாள், கப்பு வாங்கியதைத் தன் மாமா வீட்டில் பார்த்தார்கள் என்றாள். நான் அவள் கையைக் கடித்தேன். சாயங்காலம் அழுதுகொண்டே அக்காவிடம் போனேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“கப்பு அந்தப் பொண்ணு கையிலதான் குடுத்தாங்க பாப்பா. அது அழுதுக்கினே இருந்துச்சி, பாவம்னு குடுத்தாங்க. ஆனா ஓட்டு நம்மாளுக்குதான் ஜாஸ்தி. அது உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும்.”

கும்மிடிப்பூண்டியில் காருக்கு ரப்பர் சாமான் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பண்ணுகிறவளுக்கு, சென்னையில் நடந்த போட்டியின் உள் விவரம் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அவள் சொன்னால் அது அப்படித்தான்.

எங்கள் வீட்டு டிவி அரசாங்கம் கொடுத்தது. அதன் பிக்சர் டியூப் எப்போதோ போய், அதன்மேல் அம்மா பால் கணக்கு நோட்டும் சாமி குங்குமமும் வைத்திருந்தாள். அதனால் எங்களுக்கு டிவி என்றால் மாடி அக்கா ரூம்தான். மொட்டைமாடியில் ஒற்றை ரூம், மேலே சிமென்ட் ஷீட். ஒரு பாய், ஒரு ஸ்டவ், சுவரோடு டிவி. அவள் காலை ஷிப்டில் இருக்கும் வாரம் எங்களுக்குத் திருவிழா. சாயங்காலம் எல்லோரும் மேலே. அவள் செகண்ட் ஷிப்டுக்குப் போகும் வாரம் ரூம் பூட்டியிருக்கும், நாங்கள் அனாதைகள். ஆனால் அந்த வாரங்களில் அவள் மட்டும் பகலில் வீட்டில் இருந்துகொண்டு, முந்தின நாள் சீரியலின் மறு ஒளிபரப்பைப் பார்த்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணி பிடிக்கும் இடத்தில் அதைக் காம்பவுண்டு முழுக்கவும் சொல்லுவாள்.

சொல்லுவாள் என்றால், சரிபண்ணிச் சொல்லுவாள். டிவியில் செத்தவன் அவள் வாயில் பிழைத்துக்கொள்வான். காணாமல் போன குழந்தை பஸ் ஸ்டாண்டிலேயே கிடைத்துவிடும். ஒருமுறை மருமகளுக்கு விஷம் வைத்த மாமியாரை ஞாயிற்றுக்கிழமை திருத்திவிட்டாள். மாமியார் கோயிலில் மருமகள் காலைப் பிடித்து அழுதாள், நல்ல மழை. திங்கட்கிழமை அக்கா காலை ஷிப்டு, நாங்கள் எல்லோரும் மேலே போய் டிவி பார்க்கிறோம். மாமியார் மறுபடியும் பால் டம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறாள்.

முதல் வீட்டு ஆன்ட்டி திரும்பி அக்காவைப் பார்த்தாள். “ஏம்மே, நேத்துதான் திருந்தனான்னு சொன்ன?”

“திருந்தனா. மறுபடி கெட்டுப் பூட்டா.”

“ஒரே நாள்ல?”

“மனுசங்கதான ஆன்ட்டி.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து நிற்கிற பெண்களுக்கு மாமியார் ஒரு நாளாவது திருந்தி இருந்தது பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் அதே பழக்கத்தை அவள் தன் வாழ்க்கையிலும் வைத்திருந்தாள். அது சிரிப்பாக இல்லை. ஒரு பொங்கலுக்குப் பொன்னேரியிலிருந்து அவள் அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப்போவான் என்றாள். காலையிலேயே புதுப் புடவை கட்டி, பை ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். நாங்கள் நாள் முழுக்கத் தெருவில்தான் விளையாடினோம். பைக் எதுவும் வரவில்லை. சாயங்காலம் அம்மா கொடுத்தனுப்பிய பொங்கலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவள் பழைய நைட்டிக்கு மாறியிருந்தாள்.

“அண்ணன் வர்லியாக்கா?”

“வந்தாரே. நீங்கல்லாம் ரயில் கேட்டாண்ட போயிருந்தீங்க. இங்கதான் உக்காந்துக்கினு ஒரு மணி நேரம் பேசனாரு. எனக்குதான் தல வலி, அடுத்த வருசம் வரேன்னு சொல்லி அனுப்பிட்டேன். போவ மனசே இல்லாம போனாரு.”

நாங்கள் அன்றைக்கு ரயில் கேட் பக்கமே போகவில்லை. அந்த வயசில்கூட ஏதோ உறைத்தது. பொங்கல் கிண்ணத்தை வைத்துவிட்டு, டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது என் அப்பா விஷயம்.

வீட்டை விட்டுப் போனார் என்று சொன்னால் சண்டை, சாத்திய கதவு, தூக்கிய பெட்டி என்று உங்களுக்கு ஏதேதோ தோன்றும். அப்படி எதுவும் இல்லை. நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் செகண்ட் ஷிப்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சூளூர்பேட்டை பக்கம் ஒரு அம்மாவோடு இருக்கிறார் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. வேலையை மட்டும் விடவில்லை. அதே ரப்பர் கம்பெனி. மாடி அக்கா பேக்கிங்கில், அப்பா மெஷினில். அக்கா வேப்பம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவாள், அப்பா அந்தப் பக்கம் ஆந்திர எல்லையிலிருந்து வருவார். இரண்டு பேரும் சந்திக்கிற ஒரே இடம் கேன்டீன்.

அம்மா திருநின்றவூரில் ஒரு தையல் யூனிட்டில் பட்டன் துளை போடும் காஜா மெஷின் ஓட்டினாள். வாய் திறந்து எதுவும் கேட்காதவள். ஒரே ஒரு தரம், தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, வேறு எதையோ கேட்பதுபோல அக்காவிடம் கேட்டாள். “கேன்டீன்ல அவரப் பாப்பியா?”

“பாப்பேன்க்கா.”

“எதுனா கேப்பாரா?”

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “கேட்டாரே. பாப்பா எப்டி இருக்குதுன்னு கேட்டாரே.”

அன்றைக்கு ஆரம்பித்தது.

அவள் காலை ஷிப்டு முடிந்து வரும் நேரமும் நான் ஸ்கூல் விட்டு வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நான் யூனிபார்மைக்கூட மாற்றாமல் மாடிப்படியின் கீழே உட்கார்ந்திருப்பேன். அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வருவாள். சில நாள் பேசாமல் என் தலையைத் தடவிவிட்டு ஏறிப் போய்விடுவாள். சில நாள் பக்கத்தில் உட்காருவாள். உட்கார்ந்தால் அப்பா பேசியிருக்கிறார் என்று அர்த்தம்.

“பாப்பா, உங்க நைனா இன்னிக்கி சாப்டவே இல்ல. தட்ட வெச்சிக்கினு உக்காந்துனு இருக்காரு. இன்னாண்ணான்னு கேட்டேன். ‘எம் பொண்ணு யூனிபார்ம்ல நிக்கிறது கண்ணுக்குள்ளயே இருக்குதும்மா’ன்றாரு. வெளிய மழ.”

எனக்கு டெங்கு வந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு ஜுரம்னு சொன்னேன். ‘எம் பொண்ணுக்கு ஜுரம்னா இங்க என் நெத்தி சுடுதும்மா’ன்னாரு. தொட்டுப் பாத்தேன் பாப்பா. நெஜமாவே சுட்டுச்சி.”

இந்த ஒரு வரியை நான் எவ்வளவு வருஷம் வைத்திருந்தேன் தெரியுமா? ஹாஸ்டலில், ரிசல்ட்டில் ஒரு பேப்பர் போன அன்றைக்கு, ஒருத்தன் ‘நாம ஃபிரண்ட்ஸாவே இருக்கலாம்’ என்று மெசேஜ் போட்ட அன்றைக்கு, எல்லாவற்றுக்கும் இதுதான் என் மாத்திரை. எங்கேயோ ஒருத்தருக்கு என்னால் நெற்றி சுடுகிறது.

அம்மா இதையெல்லாம் அடுப்பாண்டை நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அக்கா வாசலில் நின்று சொன்னாள். “‘நான் கெட்ட புருசனா இருக்கலாம், கெட்ட அப்பன் இல்லம்மா’ன்னு கண்ணு கலங்கிட்டாருக்கா.” அம்மா ரசத்தைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். “உப்பு பத்தல” என்றாள்.

கல்மனசு என்று அப்போது எனக்கு அம்மாமேல் கோபம்.

நான் எட்டாவது படிக்கும்போது கம்பெனி எங்கள் பக்கத்து பஸ்ஸை நிறுத்தியது. அக்கா கும்மிடிப்பூண்டியிலேயே தங்கப் போய்விட்டாள். ரூமைக் காலி செய்யும் அன்றைக்கு, அப்பா என்ன சொன்னாலும் போன் பண்ணிச் சொல்வதாகச் சொன்னாள். ஒன்றிரண்டு தரம் பண்ணினாள். அப்புறம் இல்லை. அப்பா வரவும் இல்லை. நான் காலேஜ் கடைசி வருஷத்தில் இருக்கும்போது அவர் சூளூர்பேட்டையில் இறந்துபோனார். நெஞ்சு வலி. நானும் அம்மாவும் போனோம். அங்கே எல்லோரும் தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார்கள். எங்களை யாருக்கும் தெரியவில்லை. பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, யாரோ ஒருத்தர் நீட்டிய தண்ணி பாக்கெட்டைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். திரும்பும் ரயிலில் நான் அந்த நெற்றியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். அரக்கோணம் லோக்கலில் தினமும் போக வர ஜன்னலோரம் கிடைத்தால் ராஜ வாழ்க்கை, கிடைக்காவிட்டால் போன்தான் கதி. என் வயசுக்காரர்களுக்கென்றே பழைய டிவி நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிற பக்கங்கள் இருக்கின்றன. ‘இது ஞாபகம் இருக்கிறவங்க லைக் போடுங்க’ ரகம். லைக் போட்டுத் தொலைத்தேன், மேலும் மேலும் வந்தது. அப்படித்தான் சுருட்டை வந்தான். அதே ஃபைனல். ஏசி அரங்கம், ஒரு சொட்டு மழை இல்லை. யாருக்கு எவ்வளவு ஓட்டு என்று கம்பிக் கம்பியாகத் திரையில் காட்டினார்கள். சுருட்டையின் கம்பிதான் எல்லாவற்றிலும் குட்டை. அவன் ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

ரயிலில் நின்றபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாடி அக்கா, நீ செம ஆளு.

மறுநாளோ அதற்கு மறுநாளோ அதே பக்கத்தில் ஒரு பழைய சீரியல் துண்டு. பகலில் மட்டும் ஓடிய சீரியல்; செகண்ட் ஷிப்டு வாரங்களில் அக்கா பார்த்திருப்பாள், ஸ்கூலில் இருந்த எங்களுக்குத் தெரியாது. பெரிய மீசை வைத்த அப்பா ஒருத்தர், பிரிந்து போன மகளை நினைத்துக்கொண்டு திண்டாடுகிறார். நர்ஸிடம் சொல்கிறார்: “என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா இங்க என் நெத்தி சுடுதும்மா.”

பட்டாபிராமா, இந்துக் கல்லூரியா, எந்த ஸ்டேஷன் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வாரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த சீரியல் முழுசாக நெட்டில் கிடந்தது. மீசைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். யூனிபார்ம் சொன்னார். கெட்ட புருஷன் சொன்னார். மகள் பிறந்தநாளுக்குக் கோயிலில் விளக்கேற்றியதைச் சொன்னார். எனக்கும் என் அப்பா ஏற்றியிருந்தார். அவர் ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் என்னிடமிருந்து ஒன்று போனது. கடைசியில் என் அப்பா சொன்னது என்று என்னிடம் எதுவுமே மிச்சமில்லை. செத்த அன்றைக்குக்கூட எனக்கு அவர் இருந்தார். இப்போது இல்லை.

சனிக்கிழமை அம்மாவிடம் போனை நீட்டி நெற்றி சுடுகிற துண்டைப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“உங்கப்பனோட பத்து வருசம் குடும்பம் நடத்தனேன். சோறு வையின்னு சொல்ல மாட்டாரு, தட்ட நவுத்துவாரு. அவரு வாயில இவ்ளோ பேச்சு ஏது?”

“அப்ப ஏம்மா கேட்டுக்கினு இருந்த?”

“நீ கேட்டுக்கினு இருந்தியே.”

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அத்தனை வருஷத்தில், மீசைக்காரரைத் தள்ளிவிட்டு, என் அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா இல்லையா? அதற்குப் பதில் தெரிந்த மனுஷி உலகத்தில் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள். அவளிடம் போய்க் கேட்டால் என்ன சொல்லுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் பேஜாரு.

பழைய நம்பர் இன்னும் வேலை செய்தது. டிபியில் வெள்ளி நிற முடி வைத்த கொரியாக்காரப் பையன் ஒருத்தன். “பாப்பாவா? எந்தப் பாப்பா? ஐயோ, வேப்பம்பட்டு பாப்பாவா? வாடி, வா.”

ஒரே மாவட்டம்தான். ஆனால் வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு லைன் பிடித்து மறுபடியும் வெளியே வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன்.

சிப்காட்டுக்குப் பின்னால், கான்ட்ராக்ட்டில் வேலைக்கு வந்த வெளிமாநிலப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். அக்கா அங்கே சமைத்துப்போட்டு, அவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். முன்நெற்றி நரைத்திருந்தது, உடம்பு போட்டிருந்தது. என்னைக் கட்டிப் பிடித்து, முகத்தைத் தள்ளிப் பார்த்து, மறுபடி கட்டிப் பிடித்தாள். நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இட்லி வைத்தாள். ஹாலில் ஒடிசாப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாயில் கிடந்தார்கள். சுவர் முழுக்க கொரிய பாட்டுக்காரப் பையன்களின் போஸ்டர்.

“இதுங்க ஒட்டி வெச்சது” என்றாள் அக்கா. பிறகு போஸ்டர் பக்கம் போய் விரலை வைத்தாள். “இவன்தான் மூத்தவன். அம்மா இல்லாத ஊடு, இவன்தான் பாத்துக்கறான். இந்தக் கடைசிப் பையன் ரொம்ப செல்லம். கோச்சிக்கினு போயிட்டான், இப்ப வந்துட்டான்.”

“அக்கா, அவங்க அண்ணன் தம்பி இல்ல. ஒரு பேண்டு. சேந்து பாடறாங்க, அவ்ளோதான்.”

“போடி. ஒருத்தன் அழுதா அத்தினி பேரும் அழுவறானுங்க. அண்ணந் தம்பி இல்லாம இன்னா?”

பாயில் கிடந்த ஒரு பெண் அரைகுறைத் தமிழில், “அக்கா ஸ்டோரி சூப்பர்” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஒடியா தெரியாது, யாருக்கும் கொரியன் தெரியாது. ஆனாலும் கடைசிப் பையன் வீட்டுக்குத் திரும்பி வந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். துணி காயும் கொடிக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட சிமென்ட் தொட்டிமேல் உட்கார்ந்தோம். போனில் நெற்றி சுடுகிற துண்டைப் போட்டேன். மீசைக்காரர் பேசி முடிக்கும் வரைக்கும் அவள் அசையவில்லை.

“அக்கா, நான் சண்டைக்கி வர்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கப்பா எப்பவாவது, நெஜமாவே, எதுனா கேட்டாரா?”

“கேட்டாரே. ஏன் கேக்காம? அன்னிக்கி நல்ல மழ, கேன்டீன்ல…”

“அக்கா. வேணாங்கா.”

நிறுத்தினாள். கொடியில் தொங்கிய ஒரு சட்டையின் கையை இழுத்து, சுருக்கத்தை நீவிவிட ஆரம்பித்தாள். அவள் நீவிக்கொண்டே இருந்தாள்.

“நீ படிக்கட்டுல உக்காந்துக்கினு இருப்ப” என்றாள். “நான் கேட்டத் தொறக்கும்போதே என் மூஞ்சியப் பாப்ப. சாப்பாட்டுக் கூடையப் பாக்கற மாதிரி. நான் எப்டி வெறுங்கையோட வர்றது? அவரு என்னைப் பாத்தா வேற டேபிளுக்குப் போயிடுவாரு பாப்பா. எங்க எதுனா கேட்டுடுவேனோன்னு.”

“ஒரு தபாகூட இல்லியா?”

அவள் சட்டைக் கையை விட்டாள். பேசியபோது அவள் குரல் எனக்குப் புதுசாக இருந்தது. கதை சொல்லும் குரல் இல்லை. காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற குரல்.

“ஒரு தபா கேட்டாரு. கை கழுவற எடத்துல. நான் பின்னால நின்னேன். திரும்பாமயே, ‘எந்த கிளாஸு’ன்னாரு. அஞ்சாவதுன்னேன். கைய ஒதறிட்டு பூட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்.”

“இத ஏங்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“இத இன்னான்னு வந்து சொல்றது?” நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள். “அந்த வாரம் மீசைக்காரரு பொண்ணுக்காகக் கோயில்ல விடிய விடிய நின்னு வெளக்கேத்தறாரு. நீ அதக் கேட்டுட்டு குதிச்சிக்கினு ஓடுன. அதுக்கு மேல, ‘எந்த கிளாஸுன்னாரு’ன்னு வந்து சொல்லவா? ரொம்ப சின்னதா இருந்துச்சி பாப்பா. உனக்குப் பத்தாதுன்னு உட்டுட்டேன்.”

உள்ளே பெண்கள் பாட்டுப் போட்டார்கள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மீன் குழம்பு வைப்பதாகவும், சாப்பிடாமல் போனால் பேச மாட்டேன் என்றும் சொன்னாள். சாப்பிட்டேன். கேட்வரைக்கும் வந்தாள். அடிக்கடி வா என்றாள். வருகிறேன் என்றேன். பஸ் ஸ்டாப்பில் நின்று திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒடிசாப் பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு யாராகியிருப்பேன் என்று தெரியவில்லை. மகளாகக்கூட ஆகியிருக்கலாம்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கீரைக்கட்டு எடுத்துக்கொண்டேன்.

“போனியே, இன்னா சொன்னா?”

“அப்பா ஒரு தபா கேட்டாராம். கை கழுவற எடத்துல. திரும்பாமயே. எந்த கிளாஸுன்னு.”

அம்மா காம்பை நறுக்கென்று ஒடித்தாள். “இவ இன்னா சொன்னாளாம்?”

“அஞ்சாவதுன்னாளாம். கைய ஒதறிட்டு பூட்டாராம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அப்ப அது அவருதான்” என்றாள்.

ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

“இன்னொரு வாட்டி சொல்லு. அவரு சொன்னத மட்டும்.”

“எந்த கிளாஸு” என்றேன்.